பூஞ்சையின் மறுபாதி

நோயாளியின் முதுகில் ஊசி செலுத்தி எடுத்த தண்டுவட நீர் ஒரு சொட்டு. அதன் பக்கத்தில் கறுப்பு மை ஒரு சொட்டு. இரண்டையும் கண்ணாடிச் சில்லில் கலந்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், இருண்ட புலத்தில் நிலா கோட்டை கட்டியது போல வெள்ளை வளையங்கள் தெரியும். ஒவ்வொரு வளையத்தின் நடுவிலும் ஓர் ஈஸ்ட் செல். அந்தச் செல் தன்னைச் சுற்றித் தடித்த சர்க்கரை உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. மைத்துகள்களால் அந்த உறைக்குள் நுழைய முடிவதில்லை. வளையம் வெள்ளையாக நிற்பது அதனால்தான். கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் என்னும் பூஞ்சை மூளையுறையைப் பற்றிக்கொண்டது என்று சொல்ல இந்தக் காட்சி போதும். வாரக்கணக்கில் தலைவலி, காய்ச்சல், வாந்தி, மங்கும் பார்வை என்று வருகிற நோயாளி அவர். மருந்து கொடுக்காவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது.

மருத்துவர் கைக்கு இந்தப் பூஞ்சை முதலில் வந்தது 1894இல். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் ஓட்டோ புஸ்ஸே, ஒரு பெண்ணின் கீழ்க்கால் எலும்பில் இருந்த புண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் இத்தாலியில் சான்ஃபெலிச்சே, பீச் பழச்சாற்றில் அதைக் கண்டார். ஒருவருக்கு நோயாளியின் எலும்பிலிருந்து, இன்னொருவருக்குப் பழச்சாற்றிலிருந்து. இந்த இரட்டைத் தொடக்கத்தில் பின்னாளைய ஆராய்ச்சியின் கேள்வி முழுவதும் அடங்கியிருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மருத்துவம் எலும்பின் பக்கமே நின்றுவிட்டது. அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு இது மொட்டு விட்டுப் பெருகும் ஒரு ஈஸ்ட், அவ்வளவுதான். தாய்ச் செல்லின் ஓரத்தில் சிறு மொட்டு முளைக்கும், பெருக்கும், பிரிந்துபோகும். பாடநூல்களில் இருந்த படமும் அது ஒன்றே.

அந்தப் படத்தில் பாதி விடுபட்டிருந்தது. விடுபட்ட பாதியைத் தேடிக் கண்டவர் கியுங் ஜூ குவோன்-சங். சக ஆராய்ச்சியாளர்களுக்கு அவர் ஜூன் குவோன்-சங்.

ஒரு விஞ்ஞானியின் வாழ்வை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்பு நிகழ்ந்த நாளுக்கு நேரே ஓடிவிடுகிறார்கள். இவரைப் பொறுத்தவரை அப்படிச் செய்தால் பாதி விஷயம் கைநழுவிப் போகும். இவர் எங்கே, யாரிடம், எதைப் படித்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொரியாவில் பிறந்தவர். சியோலில் 1886இல் பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட ஏவா கல்விக்கூடத்தின் வழிவந்த ஏவா மகளிர் பல்கலைக்கழகத்தில் 1950களில் பயின்றார். போரால் நொறுங்கிய நாடு அது. போர் ஆண்டுகளில் அந்தப் பல்கலைக்கழகமே தெற்கே பூசான் நகருக்கு இடம்பெயர்ந்து வகுப்பு நடத்தியது. அங்கிருந்து அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்டத்துக்காக வந்தார். வழிகாட்டியாகக் கிடைத்தவர் கென்னத் ரேப்பர்.

ரேப்பர் மருத்துவர் அல்ல. பூஞ்சைகளைப் பூஞ்சைகளாகவே நேசித்த மனிதர். இரண்டாம் உலகப் போரின்போது பியோரியா நகரில் இருந்த வேளாண்மைத் துறை ஆய்வகத்தில், பென்சிலினை அதிகம் சுரக்கும் பூஞ்சையைத் தேடிய குழுவில் இருந்தவர். உள்ளூர்ச் சந்தையில் கிடைத்த, பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்றிலிருந்து அந்தப் பூஞ்சை வந்தது. உலகின் பென்சிலின் உற்பத்தி அதன் வழித்தோன்றல்களை நம்பி எழுந்தது. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பேரினம் முழுவதையும் வரிசைப்படுத்தி அவரும் டோரத்தி ஃபென்னெலும் எழுதிய பெருநூல் 1965இல் வெளிவந்தது. அதே 1965இல்தான் குவோன்-சங் முனைவர் பட்டம் பெற்றார்.

அதற்கு முந்தைய ஆண்டு இந்த மூவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அஸ்பெர்ஜில்லஸ் இனங்களில் பாலினப் பெருக்கம் உள்ளவை எல்லாம் தம்மைத் தாமே இணையாகக் கொள்பவை என்றுதான் அதுவரை தெரிந்திருந்தது. வேறொரு துணை அவற்றுக்குத் தேவையில்லை. இவர்கள் கண்ட இனம் மாறுபட்டது. எதிர்வகைத் துணை இல்லாமல் அதில் பாலினப் பெருக்கம் நடக்கவில்லை. அந்தப் பேரினத்தில் இப்படி ஒன்று பதிவானது அதுவே முதல்முறை. இந்த வேலைக்கு வேண்டியது நுண்ணிய கருவி அல்ல, பொறுமை. இரண்டு மாதிரிகளைத் தட்டில் எதிரெதிரே விதைக்க வேண்டும்; காத்திருக்க வேண்டும்; ஒன்றும் நடக்காவிட்டால் வேறு இரண்டை, வேறு ஊடகத்தில், வேறு வெப்பத்தில் விதைக்க வேண்டும். நடக்கவில்லை என்பதற்கும், நடப்பதற்கான சூழலை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பதற்கும் வேறுபாடு தெரிந்தவரே இதில் தாக்குப்பிடிப்பார். குவோன்-சங் அந்தப் பாடத்தை மாணவப் பருவத்திலேயே கற்றுவிட்டார்.

இங்கே பூஞ்சைகளின் வாழ்க்கையைப் பற்றிச் சற்று நின்று சொல்லியாக வேண்டும். பல பூஞ்சைகளுக்கு இரண்டு வாழ்வுமுறைகள் உண்டு. ஒன்றில் துணையே இல்லாமல் மொட்டு விட்டோ வித்து உதிர்த்தோ தன் நகல்களைப் பெருக்கிக்கொண்டே போகும். மற்றதில் இரண்டு மாதிரிகள் இணைந்து, மரபணுக்களைக் கலைத்துப் போட்டு, புதிய சேர்க்கைகளோடு வித்துகளை உருவாக்கும். இரண்டு நிலைகளும் உருவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றுவதால், ஒரே உயிரிக்கு இரண்டு பெயர்கள் வைத்துவிடுவதும் வழக்கமாக இருந்தது. பாலின நிலை தெரியாத ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை 'நிறைவுறாப் பூஞ்சைகள்' என்று ஒரு தனிப் பெட்டியில் போட்டுவைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியை ஒழுங்குபடுத்துவதில் உலக அளவில் பெயர் பெற்றவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி. வி. சுப்பிரமணியன். அந்தப் பெட்டியில் ஒரு பிரிவான ஹைபோமைசீட்களின் இந்திய இனங்களைப் பற்றி 1971இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் துறையினர் புரட்டும் நூல். மனிதருக்கு நோய் தரும் பூஞ்சைகளில் பெரும்பாலானவையும் அந்தப் பெட்டியில்தான் கிடந்தன. நோயாளியின் உடலுக்குள் அவை இணைசேர்வதில்லை. ஆகவே மருத்துவர் கண்ணில் மறுபாதி படவே இல்லை. மனித உடல் அவற்றின் சொந்த ஊர் அல்ல. சொந்த ஊரில் அவை எப்படி வாழ்கின்றன என்று கேட்க ஆளும் குறைவாக இருந்தது.

அப்படிக் கேட்டவர்களில் முன்னவர் செஸ்டர் எம்மன்ஸ். அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1936இல் நியமித்த முதல் மருத்துவப் பூஞ்சையியலர். எலி வளைகளையும் பண்ணை மண்ணையும் தோண்டி எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த மனிதர். நுரையீரலைத் தாக்கும் ஹிஸ்டோபிளாஸ்மா மண்ணில் வாழ்கிறது என்று 1949இல் காட்டினார். கிரிப்டோகாக்கஸை 1951இல் மண்ணிலிருந்தும், 1955இல் புறாக்கள் கூடுகட்டிய இடங்களில் குவிந்த எச்சத்திலிருந்தும் எடுத்துக் காட்டினார். இது மருத்துவத்தின் பார்வையையே திருப்பிய செய்தி. நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவவில்லை. காற்றில் எழும் தூசியோடு மூச்சுக்குள் வருகிறது. புறாவின் உடல்வெப்பம் இந்தப் பூஞ்சையால் தாங்க முடியாத அளவுக்கு அதிகம். பறவை நோயுறாமல் உணவிட்டுக்கொண்டே இருக்கிறது.

பட்டம் பெற்ற அடுத்த ஆண்டே எம்மன்ஸின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார் குவோன்-சங். அந்த நிறுவனத்திலேயே தங்கிவிட்டார். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிதி கேட்டு விண்ணப்பம் எழுதி, இன்ன பலன் கிடைக்கும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். இங்கே செய்த வேலையைப் பின்னோக்கிப் பார்த்துத்தான் மதிப்பிடுவார்கள். மருத்துவ உலகம் பொருட்படுத்தாத ஒரு பூஞ்சைக்குத் துணை தேடுவது போன்ற, முடிவு தெரியாத வேலைக்கு அந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய கொடை! நம் நாட்டில் ஆராய்ச்சி நிதிக்கு விதி வகுப்போர் இதை ஆற அமர யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அவருடைய முதல் பெரிய வெற்றி ஹிஸ்டோபிளாஸ்மாவில் வந்தது. 1972இல் அதன் பாலின நிலையைக் கண்டறிந்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார். கண்ட நிலைக்கு எம்மன்ஸின் பெயரால் எம்மன்சியெல்லா என்று பெயர் சூட்டினார்.

பிறகு கிரிப்டோகாக்கஸ். துப்பு ஒன்று ஏற்கனவே கிடைத்திருந்தது. ஜீன் ஷாடமி என்ற ஆய்வாளர், இழைகளாக வளரும் இரண்டு அபூர்வ மாதிரிகளில் கிளாம்ப் எனப்படும் கொக்கி போன்ற இணைப்புகளைக் கண்டு 1970இல் எழுதியிருந்தார். அத்தகைய கொக்கி காளான்கள் அடங்கிய பசிடியப் பூஞ்சைகளின் அடையாளம். அப்படியானால் ரொட்டி ஈஸ்ட்டின் உறவினர் போலத் தோற்றமளிக்கும் இந்த உயிரி உண்மையில் காளான் பக்கத்து உறவு. குவோன்-சங் நோயாளிகளிடமிருந்தும் புறா எச்சத்திலிருந்தும் சேர்ந்திருந்த மாதிரிகளை எடுத்து, ஒன்றோடு ஒன்றாக இணை வைத்துப் பார்க்கத் தொடங்கினார்.

சரியான இரண்டு எதிர்ப்பட்டால் நடப்பது இதுதான். வழவழவென்ற குழம்பு போல இருந்த வளர்ப்பின் விளிம்பிலிருந்து வெள்ளை இழைகள் கிளம்புகின்றன. ஒவ்வோர் இழைச் செல்லிலும் இரண்டு கருக்கள், இரு பெற்றோரிடமிருந்தும் ஒவ்வொன்று. இழையின் நுனி உருண்டு திரண்டு பசிடியம் ஆகிறது. அதற்குள் கருக்கள் ஒன்றாகி, மரபணுக்களைக் கலந்து, மறுபடி பிரிகின்றன. பிறகு அந்த உருண்டைத் தலையின் நான்கு புள்ளிகளிலிருந்து வித்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்து நான்கு நீண்ட சங்கிலிகளாக நிற்கின்றன. உறை போர்த்திய ஈஸ்ட் செல்லை விட இந்த வித்துகள் மிகச் சிறியவை. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்ச் சேரக்கூடிய அளவு. இத்தனையும் நடக்க உணவு குறைவான ஊடகமும் இருட்டும் வறட்சியும் உடல்வெப்பத்தை விடக் குறைந்த வெப்பமும் வேண்டும். மருத்துவமனை ஆய்வகம் கொடுப்பதோ நேர்மாறாக வளமான உணவும் முப்பத்தேழு டிகிரியும். எண்பது ஆண்டுகள் இது கண்ணில் படாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1975இல் 'மைக்காலஜியா' இதழில் அவர் இந்தப் பாலின நிலையை விவரித்து, ஃபிலோபசிடியெல்லா என்ற புதிய பேரினத்தை நிறுவினார். உறையின் வேதியியலை வைத்து ஏ, பி, சி, டி என்று இந்தப் பூஞ்சையை நான்கு வகையாகப் பிரித்திருந்தார்கள். ஏ, டி வகைகளின் மறுபாதி முதலில் கிடைத்தது. அடுத்த ஆண்டு பி, சி வகைகளுடையதும் கிடைத்தது. பிந்தியவற்றின் வித்துகள் வடிவிலேயே வேறுபட்டு, நீண்டிருந்தன. நான்கும் ஒரே உயிரியின் சாயல்கள் என்ற எண்ணத்தில் அப்போதே விரிசல் விழுந்துவிட்டது.

ஒரு பூஞ்சையின் இணைசேர்க்கையைக் கண்டதால் நோயாளிக்கு என்ன லாபம் என்று அன்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். விடை விரைவில் வந்தது. கலப்பு செய்ய முடிந்த உயிரியில்தான் மரபியல் செய்ய முடியும். எந்தப் பண்பு எந்த மரபணுவால் வருகிறது, அந்தப் பண்பு போனால் நோய் போகிறதா என்று கேட்க முடியும். கிரிப்டோகாக்கஸ் அந்த வரிசையில் 1975இல் நுழைந்தது.

முதலில் கறுப்பு. பேயெள்ளு விதையின் சாற்றைக் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் இந்தப் பூஞ்சை பழுப்பாக மாறும் என்று ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் ஷ்டைப் 1962இல் கண்டிருந்தார். மற்ற ஈஸ்ட்கள் வெளிறியே இருக்கும். ஆய்வகங்கள் அதை அடையாளச் சோதனையாக வைத்துக்கொண்டு, மேலே கேட்காமல் விட்டன. இந்த நிறம் பூஞ்சைக்கு எதற்கு என்று குவோன்-சங்கின் குழு கேட்டது. மெலனின் உண்டாக்க முடியாத மாதிரிகளைப் பிறப்பித்து, கலப்பு செய்து, சந்ததியை எலிகளில் செலுத்திப் பார்த்தார்கள். 1982இல் வந்த கட்டுரைகள் தெளிவாகச் சொல்லின: நிறம் இழந்தது நோயுண்டாக்கும் வலிமையையும் பெருமளவு இழக்கிறது, நிறம் மீண்டால் வலிமையும் மீள்கிறது. மூளையில் ஏராளமாக இருக்கும் டோபமின் போன்ற பொருள்களிலிருந்தே இந்தப் பூஞ்சையால் மெலனின் செய்துகொள்ள முடியும் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

அடுத்து உறை. மை வளையத்துக்குக் காரணமான அதே உறை. உறையற்ற மாதிரிகள் எலிகளைக் கொல்வதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் உறை போனதால் கொல்லவில்லையா, உறையோடு வேறெதுவும் போனதாலா? 1994இல் சாங் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து, உறை உண்டாவதற்குத் தேவையான மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்தார். உறையற்ற மாதிரிக்குள் அதைத் திருப்பி வைத்ததும் உறை வந்தது, கொல்லும் திறனும் வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் ஈர்ப்பது ஓர் எளிய எண்ணிக்கை. இணைசேரும் இரு வகைகளுக்கு ஏ, ஆல்ஃபா என்று பெயர். (மேலே சொன்ன உறை வகை ஏ வேறு, இது வேறு.) இயற்கையில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். அவரும் ஜான் பென்னட்டும் 1978இல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. நோயாளிகளிடமிருந்து வந்த மாதிரிகளில் ஏ ஒன்று என்றால் ஆல்ஃபா சுமார் 30. ஆல்ஃபா வலிமை மிக்கது, அதனால் நோயாளிகளிடம் அதுவே மிஞ்சுகிறது என்று இதைப் படிக்கத் தோன்றும். அவர்கள் அங்கே நிற்கவில்லை. மண்ணிலும் எச்சத்திலும் எடுத்தவற்றையும் எண்ணினார்கள். அங்கே ஏ ஒன்றுக்கு ஆல்ஃபா சுமார் 40. ஏற்றத்தாழ்வு நோயாளியின் உடலில் உருவாகவில்லை, வெளியிலிருந்தே வருகிறது. மருத்துவமனை மாதிரிகளை மட்டும் எண்ணியிருந்தால் முடிவு தவறாகியிருக்கும்.

அந்தப் புதிர் அவிழக் கால் நூற்றாண்டு ஆனது. புறாவிடமிருந்தும் நோயாளியிடமிருந்தும் வந்த மாதிரிகளைக் கலந்து, அந்தச் சந்ததியைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பக் கலந்து, இணைவகையைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒத்த ஒரு ஜோடியை உருவாக்கினார்கள். டி வகையைச் சேர்ந்த அந்த ஜோடியில் ஆல்ஃபாவே எலிகளை வேகமாகக் கொன்றது என்று 1992இல் குவோன்-சங்கின் குழு காட்டியது. உலகில் நோயை அதிகம் உண்டாக்குவதோ உறை வகை ஏ. அதில் இத்தகைய ஜோடியைப் பிறர் 2003இல் உருவாக்கிச் சோதித்தபோது இரண்டும் சம வலிமையோடு இருந்தன. ஆக வலிமை மட்டும் விடை அல்ல. 1996இல் பிரையன் விக்ஸும் உடன் பணிபுரிந்தவர்களும் ஆல்ஃபா மாதிரிகள் துணையின்றியே இழை விட்டு வித்துகள் தாங்குவதைக் கண்டார்கள். 2005இல் ஜோசப் ஹைட்மனின் குழு அதன் பொருளை விளக்கியது: ஆல்ஃபா ஆல்ஃபாவோடேயே இணைசேர்கிறது. ஏ அரிதாகிவிட்ட உலகில் ஆல்ஃபா தன் வகைக்குள்ளேயே பாலினப் பெருக்கத்தைத் தொடர்ந்திருக்கிறது.

மேலே ஜான் பென்னட் என்று ஒரு பெயர் வந்தது. அவர் மருத்துவர். ஆய்வகமும் நோயாளிப் படுக்கைகளும் ஒரே கட்டடத்தில் இருக்கும், தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் பெதஸ்டா மருத்துவமனையில் கிரிப்டோகாக்கஸ் நோயாளிகளைப் பார்த்துவந்தவர். ஆம்ஃபோடெரிசின் பி மருந்தோடு ஃப்ளூசைட்டோசினைச் சேர்த்துக் கொடுப்பது தனி மருந்தை விடச் சிறந்தது என்று 1979இல் காட்டிய சோதனையை நடத்தியவர். இருவரும் பல பத்தாண்டுகள் சேர்ந்து எழுதினார்கள். 1992இல் வெளிவந்த அவர்களுடைய 'மெடிக்கல் மைக்காலஜி' பாடநூல் துறையின் ஆதார நூலாயிற்று. பூஞ்சையைத் தெரிந்தவரும் நோயாளியைத் தெரிந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய பாடநூல் எவ்வளவு அபூர்வம் என்பது அதைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

பி, சி வகைகளை விட்டுவிட்டு வந்தோம். அவற்றைக் குழப்பமில்லாமல் பிரித்தறிய 1982இல் குவோன்-சங்கும் சக ஆய்வாளர் பொலச்செக்கும் பென்னட்டும் ஓர் ஊடகத்தை உருவாக்கினார்கள். தம்பட்டை அவரை இனச் செடிகளின் விதையில் உள்ள கனவனின் என்ற நச்சுப் பொருள் அதில் கலந்திருக்கும். பி, சி வகைகள் அந்த நச்சைத் தாங்கிக்கொண்டு, கிளைசினை உண்டு வளர்ந்து, ஊடகத்தை நீலமாக்கிவிடும். மற்றவை தொட்ட ஊடகம் நிறம் மாறாமல் மஞ்சள்பச்சையாகவே இருக்கும். விலை குறைவு; எந்தச் சிறு ஆய்வகமும் செய்யலாம். உலகெங்குமிருந்து வந்த மாதிரிகளை இப்படிப் பிரித்தபோது, பி, சி வகைகள் வெப்ப நாடுகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலுமே மிகுந்திருப்பது தெரிந்தது. 1984இல் அந்த வரைபடம் வெளியானது.

வரைபடம் கிடைத்ததும் கேள்வி கூர்மையானது: அங்கே எந்த மரம், எந்த மண்? 1990இல் ஆஸ்திரேலியாவில் டேவிட் எல்லிஸும் டானியா ஃபைஃபரும் ஆற்றுத் தைல மரத்தில் இதைக் கண்டார்கள். அதே மரம் இந்தியாவுக்குப் பெருமளவில் கொண்டுவந்து நடப்பட்டது. தமிழ்நாட்டுத் தைல மரத் தோப்புகளிலும் அந்த இனம் உண்டு. 1997இல் அருணாலோக் சக்ரவர்த்தியின் குழு இந்தியத் தைல மரத்திலிருந்தும் பூஞ்சையைப் பிரித்தெடுத்தது. பின்னர் டெல்லியில் ஹர்பன்ஸ் சிங் ரந்தாவாவும் உடன் பணிபுரிந்தவர்களும் நாவல் போன்ற நம் மரங்களின் பொந்துகளில் மக்கும் கட்டையிலும் கண்டார்கள். மரங்களைப் பார்த்து அஞ்ச வேண்டாம். இந்தப் பூஞ்சையை மூச்சில் இழுக்கும் மிகப் பெரும்பாலானோரின் உடல் சத்தமில்லாமல் அதை அடக்கிவிடுகிறது.

1999 முதல் கனடாவின் வான்கூவர் தீவில், குளிர்ப் பிரதேசத்தில், மனிதரும் நாய் பூனைகளும் கடல்பன்றிகளும் இதே பூஞ்சையால் நோயுற்றபோது, வெப்ப நாட்டு வரைபடத்தின் எல்லை விரிந்தது. 2002இல் குவோன்-சங்கும் வேறு சிலரும் பி, சி வகைகளைத் தனி இனமாக, கிரிப்டோகாக்கஸ் காட்டியை என்ற பெயரில் நிலைநிறுத்த முன்மொழிந்தார்கள். காங்கோவில் ஒரு சிறுவனின் தண்டுவட நீரிலிருந்து கிடைத்த வினோத மாதிரிக்கு 1970இல் வைத்த பெயர் அது. 1976இல் வித்தின் வடிவில் கண்ட வேறுபாடு இனப்பிரிவாக ஏற்கப்பட இருபத்தாறு ஆண்டுகள்.

இதற்கு நடுவில் உலகமே மாறிவிட்டது. 1981இல் எய்ட்ஸ் அடையாளம் காணப்பட்டது. அதுவரை அரிய நோயாக இருந்த கிரிப்டோகாக்கஸ் மூளையுறை அழற்சி, எதிர்ப்பாற்றல் சரிந்த லட்சக்கணக்கானோரின் வாசலுக்கு வந்தது. சென்னையில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு, நம் மருத்துவமனைகளின் ஆய்வகங்களிலும் மை வளையம் பழகிய காட்சியாயிற்று. 2009இல் வந்த மதிப்பீடு உலகில் ஆண்டுக்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மரணங்கள் என்றது. எச்.ஐ.வி. மருந்துகள் பரவிய பின், 2020க்கான மதிப்பீடு சுமார் 1,12,000. உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் முதன்முதலாக நோய்ப் பூஞ்சைகளுக்கு முன்னுரிமைப் பட்டியல் வெளியிட்டபோது, கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ் மிக அவசரப் பிரிவில் இடம்பெற்றது. கொள்ளைநோய் வந்த பிறகு தொடங்கியிருந்தால் துறைக்குக் கையில் எதுவும் இருந்திருக்காது. மரபியல், கலப்புக்கான ஜோடிகள், உறையையும் மெலனினையும் பற்றிய அறிவு எல்லாம் 1975இலிருந்து சேர்ந்துகொண்டு வந்தவை. 2005இல் இந்தப் பூஞ்சையின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டபோது தேர்ந்தெடுத்த மாதிரியும் அந்த ஒத்த ஜோடியில் ஒன்றுதான்.

அவருடைய பிற்கால வேலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், அது இன்று சிகிச்சை பெறுகிறவர்களைத் தொடுவதால். ஃப்ளூகோனசோல் மலிவான மாத்திரை. ஏழை நாடுகள் பல காலம் அதை மட்டுமே நம்பியிருந்தன. மருந்துக்குக் கட்டுப்பட்ட பூஞ்சை சில வேளை மீண்டும் தலைதூக்கும். மருந்தை நிறுத்திச் சோதித்தால் எதிர்ப்பைக் காணோம். 2010இல் அவருடைய ஆய்வகம் காரணத்தைக் காட்டியது. மருந்தின் நெருக்கடியில் சில செல்கள் தம் குரோமோசோம்களில் குறிப்பிட்ட சிலவற்றை மட்டும் இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. முதலாம் குரோமோசோமில் மருந்து தாக்கும் இலக்கின் மரபணுவும், மருந்தை வெளியேற்றும் புரதத்தின் மரபணுவும் இருக்கின்றன. அது இரட்டித்தால் இலக்கும் கூடுகிறது, வெளியேற்றமும் கூடுகிறது. மருந்து நீங்கினால் கூடுதல் குரோமோசோமும் நீங்கிவிடுகிறது. ஃப்ளூகோனசோலை மட்டும் கொடுத்து மூளையுறை அழற்சியைத் தொடக்கத்தில் சமாளிப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

அவர் சூட்டிய பெயர்கள் இன்று புழக்கத்தில் இல்லை. எம்மன்சியெல்லா 1979இலேயே வேறொரு பேரினத்தோடு சேர்க்கப்பட்டது. ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று 2011இல் மெல்போர்ன் மாநாட்டில் முடிவான பின், கிரிப்டோகாக்கஸ் நின்றது, ஃபிலோபசிடியெல்லா விலகியது. இரண்டு பாதிகளும் ஒன்று என்று நிறுவியதே இரண்டாவது பெயரின் தேவையை இல்லாமல் ஆக்கியது. அது அந்த வேலையின் வெற்றி என்றே கொள்கிறேன்.

பெயர்களைப் பற்றிய கடைசிப் பெரிய விவாதத்திலும் அவர் இருந்தார். 2015இல் ஒரு குழு, மரபணு வேறுபாடுகளை வைத்து இந்த இரண்டு இனங்களையும் ஏழாகப் பிரிக்க வேண்டும் என்று முன்மொழிந்தது. 2017இல் அதற்கு மறுப்பாக வந்த கட்டுரையின் முதல் பெயர் குவோன்-சங், இரண்டாவது பென்னட். மரபணு வேறுபாடு இருப்பதை அவர்கள் மறுக்கவில்லை. உலகெங்கும் உள்ள மாதிரிகள் இன்னும் முழுமையாக ஆராயப்படவில்லை. ஒவ்வொரு புதிய மாதிரிக்கும் எல்லைகள் நகரக்கூடும். அந்த ஏழு பெயர்களுக்கும் சிகிச்சையில் வேறுபாடு காட்டும் உறுதியான சான்று இல்லை. ஆகவே 'நியோஃபார்மன்ஸ் இனக்கூட்டம்', 'காட்டியை இனக்கூட்டம்' என்று வழங்குவோம் என்றார்கள். ஏழாகப் பிரிப்பவர்களும் வலுவான வாதங்களோடு நிற்கிறார்கள்; இரு வழக்குகளும் ஆய்வுக் கட்டுரைகளில் அருகருகே தொடர்கின்றன. இரண்டு மாதிரிகளை ஒரே தட்டில் விதைத்து, பிறக்கும் வித்துகளில் எத்தனை முளைக்கின்றன என்று எண்ணும் சோதனையை இரு தரப்பும் சான்றாக எடுத்துவைக்கின்றன.